சூடு பண்ணாத தயிர்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் மூடி ஒட்டினேன். எங்கள் வீட்டுக் கீழ்த்தளம்தான் தயிர்ப் பட்டறை. அண்ணன் நடத்துகிறான், நான் மூடி ஒட்டுகிறேன். ஒவ்வொரு மூடியிலும் ‘உயிருள்ள நுண்ணுயிர்கள் – உங்கள் வயிற்றின் நண்பன்’ என்று அச்சிட்டிருக்கிறது. நாள் முழுக்க அதையே பார்க்கிறேன். என் வயிற்றுக்கு மட்டும் நண்பன் யாரும் இல்லை.

போன வருடக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டதிலிருந்து இப்படி. எப்போது கலக்கும் என்று தெரியாது. வகுப்பில் இரண்டு தடவை வெளியே போகக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கம். கேட்காமலே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் ஒரு மாலைப் பள்ளி இருக்கிறது. மார்ச் முடியும்வரை ஆள் சேர்க்கிறார்கள். போய்ப் பார்க்கலாம் என்று ஏறினேன். இரண்டாவது நிறுத்தத்திலேயே வயிறு பிசைந்தது. இறங்கி நடந்தே திரும்பினேன்.

“என்ன ஊமைக்கோட்டான், ஊர் சுத்தியாச்சா?” என்றான் அண்ணன். தலையை ஆட்டிவிட்டு மூடி ஒட்டப் போனேன்.

பிப்ரவரி 7

வீடு. பட்டறை. கழிவறை. என் உலகப்படம் இவ்வளவுதான்.

பிப்ரவரி 11, புதன்

பெரிய தப்பு பண்ணிவிட்டேன். பாலில் உறை ஊற்றிய கப்புகளைச் சூட்டறையில் இளஞ்சூட்டில் வைப்போம். பால் வண்டி தாமதம், சீக்கிரம் உறையட்டும் என்று நானே சூட்டைக் கூட்டினேன். கதவைத் திறந்தால் எல்லாம் பாலாகவே நிற்கிறது.

“உறைல இருக்கிறது உயிரு. வெந்து செத்துப்போச்சு. செத்தது எப்படிப் பாலை உறைய வைக்கும்?” அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

சாப்பிடும்போது அம்மா வழக்கம்போல என் தயிரை அடுப்பில் வைத்தாள். அப்படியே சாப்பிட்டால் என் வயிறு தாங்காதாம். ஒரு வருடமாகக் கொதிக்கவைத்துத்தான் தருகிறாள். ஓரத்தில் குமிழ் வெடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தயிர் விக்கிற வீடு. யாருக்குமே தோணலையா? எனக்கே தோணலையே.

பிப்ரவரி 12

சொல்லவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்றும் இல்லை. ஊதி ஊதி ஆற்றித் தருகிறாள், எப்படிச் சொல்வது? வேண்டாம்னா முகம் வாடிடும். சொல்லாம விட்டா இங்கயே மூடி ஒட்டிக்கிட்டுக் கிழவியாகணும். ரெண்டு வார்த்தைதானே, ஏன் வரமாட்டேங்குது?

பிப்ரவரி 18, புதன்

சொல்லிவிட்டேன். “சூடு பண்ணாம குடும்மா. செத்துடுது.”

அம்மா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். “அப்ப இத்தனை நாளா நான்...”

“ஊமைக்கோட்டான் வாயத் தொறந்துடுச்சே,” என்று அண்ணன் சிரித்தான். பிறகு அவனும் அடுப்பைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

அண்ணன் எங்களைப் பால் வண்டியில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். நான் கேட்காமலே வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினான்.

“தயிர்ல இருக்கிற நல்ல கிருமி சிலருக்கு உதவும், எல்லாருக்கும் இல்ல. கொஞ்சமா ஆரம்பி. காய், பழம், பயறு சாப்பிடு, அதுங்களுக்கும் தீனி வேணும்ல? கூடவே ஒரு பரிசோதனையும் பண்ணிடலாம்,” என்றார். அம்மா பக்கம் திரும்பினார். “ஒரு வருஷமா ஏம்மா கூட்டிட்டு வரல?”

அம்மா பரிசோதனைச் சீட்டை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லையாம். நேற்று மறுபடி கலக்கியது. ஆனால் ஒரு வாரத்தில் அது ஒன்றுதான். நம்பலாமா?

மார்ச் 30, திங்கள்

அம்மா தயிரை எடுத்து, பழக்கத்தில் அடுப்புவரை போய், கொஞ்சம் நின்று, திரும்பி வந்து மேசையில் வைத்தாள். சாயந்திரம் மூடி ஒட்ட அவளே உட்கார்ந்தாள். “பள்ளிக்கூடத்துல பேரு குடுத்துட்டு இருட்டுறதுக்குள்ள வந்துடு,” என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் இரண்டாவது நிறுத்தத்தில் வயிறு பிசைந்தது. கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். “கடைசி ஸ்டாப்பும்மா, இறங்கு,” என்று கண்டக்டர் சொன்னபோதுதான் திறந்தேன்.