தேத்தண்ணிதான் குடித்தேன், டாக்டர்

அன்புத் தங்கை ரூபினிக்கு,

அக்கா ஜெயா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம். நானும் நலம்.

நீ அனுப்பிய தேயிலையைக் குடிக்காதே என்று சொல்லத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "வயசாயிட்டா நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்லா அக்கா" என்று சொல்லிப் போனை வைத்தவள், நீ பிறகு எடுக்கவே இல்லை. நாற்பது வயதெல்லாம் ஒரு வயதாடி? சரி, போனை எடுக்காமல் இருக்கலாம், உன் அத்தான் லோரியை என்ன செய்வாய்? இங்கே மலையில் கோலா தெர்லாவில் கோசு ஏற்றிக்கொண்டு நீ இருக்கிற ஜொகூருக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுப்பார். திட்டிக்கொண்டாவது கடைசி வரை படி.

நீ அனுப்பிய அந்த இளைக்கிற தேயிலையைத்தான் நானும் குடித்தேன். உறையில் நம் தேயிலைத் தோட்டத்து மலைப் படம் போட்டிருந்தது. பால் புட்டியிலேயே தேத்தண்ணி குடித்து வளர்ந்த நமக்குத் தேயிலை என்ன கெடுதல் செய்துவிடும் என்று நினைத்தேன். பசியே இல்லை. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். போன வாரம் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிக்கிற இடத்தில் நின்றபடியே சாய்ந்துவிட்டேன்.

என்ன மருந்து சாப்பிட்டாய் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். மாத்திரையே தொடவில்லை, தேத்தண்ணிதான் குடித்தேன் என்று நானும் சாதித்தேன். தோட்டத்துக்காரி தேத்தண்ணி குடிக்காமல் என்ன குடிப்பாள் என்று உன் அத்தான் வேறு எனக்கு வக்காலத்து. டாக்டரும் வேறு எதை எதையோ சோதித்துப் பார்த்தார். கடைசியில் என் அடையாள அட்டை, ஐசி எடுக்க நர்ஸ் என் பையைத் திறந்தபோது அந்தப் பொட்டலம் கீழே விழுந்தது. டாக்டர் முகமே மாறிவிட்டது. இப்படிப்பட்ட பொட்டலங்களில், இதயத்தைக் கெடுக்கிறது என்று தடை செய்த மருந்தை யாருக்கும் சொல்லாமல் கலக்கிறார்களாம். எந்தப் பொட்டலத்தில் எவ்வளவு என்று விற்கிறவளுக்கே தெரியாதாம். உன் சிநேகிதி நளினியை நான் குறை சொல்லவில்லை. அவளும் நம்பித்தான் விற்கிறாள், பாவம்.

பிறகு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் செய்தார்கள். ரூபினி, அதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. ஸ்கேன் செய்த மலாய்ப் பெண் சின்னத் திரையை என் பக்கம் திருப்பி, இதுதான் அக்கா உங்கள் இதயம் என்றாள். உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் திறந்து திறந்து மூடின. ஆற்றில் துணி அலசுகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா வயிற்றில் இருந்த நாளிலிருந்து அது ஒரு நிமிஷம் உட்கார்ந்ததில்லை. தீபாவளி லீவு கிடையாது, உடம்பு முடியவில்லை என்று எம்சி கிடையாது. நான் தூங்கினாலும் அது தூங்கவில்லை. நான் விஷத்தை ஊற்றிய நாளிலும் எனக்காகத் தடுமாறித் தடுமாறி அடித்திருக்கிறது. கோயிலில்கூட நான் அப்படிக் கையெடுத்துக் கும்பிட்டதில்லை. அந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை, என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு உன் நினைப்பு வந்து பயம் பிடித்தது. தூக்கம் வரவில்லையா, வாய் உலர்கிறதா, கை நடுங்குகிறதா என்று டாக்டர் கேட்டது ஒவ்வொன்றும், பலன் தெரிகிறது அக்கா என்று நீ சந்தோஷமாகச் சொன்னதுதான். நீ என்னைவிட அதிகமாகக் குடிக்கிறாய். உள்ளே உன்னுடையது இப்போது எப்படி அடிக்கிறதோ?

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அத்தை, பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள் என்று சொன்னது உன்னைச் சுட்டிருக்கிறது, எனக்குத் தெரியும். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற சசிதரன் ஒரு வார்த்தை சொன்னானா? அவனிடம் நானே பேசிவிட்டேன். "அவங்க எப்படி இருந்தாலும் சரிதான் அக்கா, முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க" என்றான்.

மிச்சப் பொட்டலத்தை அத்தானிடம் கொடுத்துவிடு, டாக்டரிடம் காட்ட வேண்டும். லோரி திரும்பும்போது காலியாகத்தான் வரும், முன் சீட்டில் ஏறிவிடு. வழியிலேயே நெஞ்சு ஏதாவது செய்தால் வெட்கப்படாமல் சொல், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் அவர் நிறுத்துவார். இங்கே வந்து கோபித்துக்கொள், ஒரு மாசம் பேசாதே, பரவாயில்லை.

கல்யாணப் பெண் அழகாக இருக்க வேண்டும் என்று ஊரே வாழ்த்தும். எனக்கு நீ இருந்தால் போதுமடி.

உன் வரவுக்காக ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா ஜெயா