குறையாத எடை

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. நான் நலம், நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றி அப்படி ஒரே வார்த்தையில் எழுதி முடிக்க முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் எடுத்த உடனே பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

புற்றுநோய் ஊசிக்கெல்லாம் உன் அப்பா அசையவில்லை, எடை கொஞ்சம்கூட இறங்கவில்லை என்று போன தடவை பெருமையடித்து எழுதியிருந்தேன் இல்லையா, அதை மறந்துவிடு. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் பெண் அவரை வெறுங்காலோடு ஒரு மெஷின்மேல் ஏற்றி, இரண்டு கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னாள். உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டுமாம். மெஷின் தாங்குமாம்மா என்று உன் அப்பா ஜோக் அடித்தார். அவள் சிரிக்கவில்லை. எடை அதேதான் சார், ஆனா தசை கிலோ கணக்குல போயிடுச்சு, அந்த இடத்தைக் கொழுப்பும் நீரும் அடைச்சிருக்கு என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இத்தனைக்கும் நான் தையல்காரி. இந்த இரண்டு மாதத்தில் தொளதொளத்துப் போன அவர் சட்டைக் கையை நான்தான் பிடித்துத் தைத்தேன், பேன்ட் இடுப்பை நான்தான் பிரித்துவிட்டேன். டேப் என் கழுத்திலேயே கிடக்கிறது, நம்பியது என்னவோ ஆஸ்பத்திரி எடை மெஷினை. தொப்பை போட்டுவிட்டது என்று கேலி வேறு. எடை இறங்கக் கூடாது என்று கஞ்சியும் ஜூஸும் இனிப்புமாகக் கொடுத்து, ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடாமல் கட்டிலில் உட்கார வைத்தது நானும் உன் அக்காவும்தான். நல்லது செய்கிறோம் என்றுதானே செய்தோம்!

டாக்டர் அடுத்த ஊசியைத் தள்ளிவைத்துவிட்டார். இந்த உடம்பு மருந்தைத் தாங்காது, தசை கொஞ்சமாவது ஏறட்டும், மறுபடி அளந்து பார்த்துத்தான் சொல்வேன் என்கிறார். அதுவரைக்கும் நோய் சும்மா இருக்குமா டாக்டர் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். இப்போது வேளாவேளைக்கு முட்டை, பயறு, மீன், தயிர். கூடவே கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். பீரோவை முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறிய மனுஷன், இன்று காலையில் முக்கி முக்கிப் பார்த்தார், எழ முடியவில்லை. நாற்காலி ரொம்பத் தாழ்வா இருக்கு என்றார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையை அதட்டாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், இனிமேல் போனில் அவரிடம் எடையைக் கேட்காதே. வைத்தியம் எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக வருகிறேன் என்று சொல்லியிருந்தாய். முடியட்டும் என்று இருக்காதே, இப்போதே கிளம்பி வா.

உன் அம்மா