தட்டில் இருபது

நாள் 141, 07:40
நிலவின் தென்முனை நிலையம். எழுதுபவர் டாக்டர் வசுமதி சேஷாத்ரி, உணவுப் பிரிவு, வயது 69. இப்போது பொறுப்பதிகாரியும் நானே. இங்கே இருப்பது நானும் தொழில்நுட்பர் இருதயராஜும் மட்டும். பூமியோடு பேசும் கோபுரம் நான்கு நாளாக ஊமை; கவச வானொலி மட்டும் வேலை செய்கிறது. வண்டியின் அச்சு முறிந்துவிட்டது. அவர் 52 கிலோமீட்டர் நடந்து போய்க் கோபுரத்தைச் சரிசெய்ய வேண்டும். மூன்று நாள் நடை. கவசத்தைக் கழற்ற முடியாது.

வழி உணவு: ஒட்டரிசியை ஆறு மணி நேரம் ஊறவைத்து ஆவியில் வேகவைத்தேன். வெல்லப்பாகு, தேங்காய்ப்பால் தூள், உப்பு. பரப்பி, எடை வைத்து அழுத்தி, அறுபது கிராம் கட்டிகளாக வெட்டினேன். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துத் தலைக்கவசத்துக்குள் துப்புவது அசிங்கம். எனவே இம்முறை உண்ணக்கூடிய அரிசித்தாளில் சுற்றினேன். முகவாய்க்குக் கீழுள்ள தட்டில் இருபத்துநான்கு. குனிந்து கடித்தால் போதும். மீதி எத்தனை என்பதைத் தட்டே எனக்கு அனுப்பும்.

நாள் 141, 09:00
புறப்பட்டார். “எங்கம்மா கொழுக்கட்டைக்குக்கூட இப்படி எடை போட மாட்டா, மேடம்” என்றார். தட்டு சொல்வது: மீதி 24.

நாள் 141, 18:00
17 கி.மீ. “எட்டு கட்டி முடிச்சாச்சு. நல்லாத்தான் இருக்கு.” தட்டு சொல்வது: மீதி 20. உணர்கருவியைச் சோதித்தேன். பழுதில்லை. எட்டு என்றால் பதினாறு இருக்க வேண்டும்.

நாள் 142, 10:15
மீதி 20. காலையில் இரண்டு சாப்பிட்டதாகச் சொல்கிறார். பொய். சாப்பிடாமல் இப்படி நடக்க முடியாது. வேறு எதையோ தின்கிறார். அவசர இருப்பில் சாக்லேட் ஒன்பது பட்டை இருந்ததாக நினைவு.

நாள் 142, 13:30
28 கி.மீ. நடை மெதுவாகிவிட்டது. “கால் ஓடலை, மேடம். திரும்பிரட்டுமா?” ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். “சாப்பிடுறேனே.” அப்படியானால் திரும்பக் காரணமில்லை என்றேன். நடக்கச் சொன்னேன். நடிக்கிறார் என்பது என் கணிப்பு.

நாள் 142, 15:05
மூன்று முறை கூப்பிட்ட பிறகே பதில். “சரி மேடம்” மட்டும். மீதி 20. சாக்லேட்டை எண்ணினேன். ஒன்பதும் இருக்கின்றன. அவருடைய அறைப் பெட்டியைத் திறக்கப்போகிறேன். அது முறையல்ல என்று தெரியும்.

நாள் 142, 15:20
சாக்லேட் உறை ஒன்றுகூட இல்லை. ஒரு தாள் இருந்தது. போன மாதம் அவர் சாதத்தைக் குறை சொன்னபோது, புகாரை எழுத்தில், மூன்று பிரதிகளில் தரச் சொன்னேன். கான்வென்டில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். இது நாள் 140 தேதியிட்டது. என்னிடம் தரவில்லை.

“மதிப்பிற்குரிய மேடம், அரிசித்தாள் சுற்றிய மாதிரிக் கட்டியை ஆறு மணி நேரம் கவசத்தில் வைத்துப் பார்த்தேன். காற்று ஈரத்தை இழுத்துவிடுகிறது. கட்டி தட்டோடு ஒட்டிக் காய்கிறது. பழைய உறையே”

அதற்கு மேல் எழுதவில்லை.

நாள் 142, 15:26
சமைக்கும்போது நான் ருசி பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் எச்சில் பண்டத்தைப் பரிமாற மாட்டார்கள். மீந்த கட்டிகள் காற்றுக்குழாய் அருகே இருந்தன. ஒன்றைக் கடித்தேன். பல்செட் விரிசல் விட்டுவிட்டது. கட்டியில் பல் தடம்கூட இல்லை.

என் கணவர் முப்பத்தெட்டு வருடம் “நன்றாக இருக்கிறது” என்றே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இப்போது அதையும் சந்தேகிக்கிறேன்.

நாள் 142, 15:31
கவசக் குழாயிலிருந்து தண்ணீரை வாயில் எடுத்துக் கட்டிமேல் துப்பி ஊறவைக்கச் சொன்னேன். திரும்பி வரச் சொன்னேன். தவறு என்னுடையது என்றேன். பதில்: “கோவிச்சுக்க மாட்டீங்கன்னா சொல்றேன் மேடம். அது கல்லு.” சிரித்தான் போலிருந்தது. மூச்சிரைப்பாகவும் இருக்கலாம்.

நாள் 142, 15:48
விழுந்த சத்தம். காலடி எண்ணிக்கை நின்றுவிட்டது. இதயத்துடிப்பு வரி வரவில்லை. கவசத்தின் பழுதா என்று தெரியவில்லை.

15:55
காலடி 0. மீதி 20.

16:02
காலடி 0. மீதி 20. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

16:09
மீதி 19.

கடித்து எடுத்தானா, விழுந்த வேகத்தில் கட்டி இளகி இப்போதுதான் கழன்றதா. இருதயராஜ், மென்றுகொண்டிருந்தால் பேச வேண்டாம். ஒலிவாங்கியில் நாக்கால் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று

16:10
19

16:11
19