பதினோரு அடிக்கு எத்தனை இஞ்ச்?

என் அருமை மருமகளுக்கு,

உன் ஒரே தாய்மாமனும், அறுபதடி உயரச் சுவரில் எழுத்தை நிற்க வைத்தவனும், இன்றுவரை ஏணியிலிருந்து நான்கே நான்கு தடவை விழுந்தவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அம்மாவும் நலம். உன் அப்பா மட்டும், தான் நலமாக இருப்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார். ஆனால் நேற்று மத்தியானம் இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார். ஆகவே நலம் என்றே எழுதுகிறேன்.

இனி நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உலகத்தில் யாருமே நம்பமாட்டார்கள். கண்ணெதிரே நடந்தும் உன் அம்மா நம்பவில்லை. இருந்தாலும் என் பெயிண்ட் டப்பாவின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். நீ பாதியில் சிரித்துக் கெடுத்துவிடுவாய். அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன். பக்க எண் போட்டிருக்கிறேன். மாற்றிப் படித்துவிட்டு மாமாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊருக்குச் சொல்லாதே.

வீட்டுக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தருகிறேன், எட்டு இஞ்சா, பதினோரு இஞ்சா என்று கேட்டாய். உன்னோடு வேலை செய்யும் அம்மணி மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறார், அவர் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், வாங்கினால் மாற்ற முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பேன். அடியில் ஒரு வரி போட்டிருந்தாயே, பெரிசா வாங்கினா அப்பாவும் தெரிவாரா மாமா என்று, அதுதான் என்னை ஒன்பது நாள் வேலைக்குப் போகவிடாமல் அடித்தது.

முதலில் கடைக்குப் போனேன். அங்கே இருந்த விற்பனைப் பெண், பாவம், காலையில் நல்ல முகத்தோடுதான் வந்திருக்க வேண்டும். நான் இரண்டையும் மேஜையில் நிற்க வைத்து, ஒன்று, ஐந்து, பத்தடி என்று பின்னால் நடந்து, கடைசியில் கடையை விட்டே வெளியே போய் ரோட்டைத் தாண்டி நின்று பார்த்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். பத்தடிக்கு ஓர் இஞ்ச் எழுத்து என்பது கணக்கு. நூறடிக்கு அப்பால் நிற்கிறவனுக்குப் பத்து இஞ்ச் எழுத்து. நான் எழுதிய மருந்துக்கடை போர்டைப் படிக்க ஒரு விமானம் தாழப் பறந்ததே, மறந்துவிட்டாயா?

அந்தப் பெண்ணிடம், கேமரா பக்கமே வராத ஒருத்தரை எது நன்றாகக் காட்டும் என்று கேட்டேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். ஐயா, ரெண்டுலயும் கேமரா ஒண்ணுதான், பெரிசு வாங்கினா நீங்க அவங்களைப் பெரிசா பாப்பீங்க, அவங்க உங்களைப் பாக்கிறது நீங்க எங்க உக்காருறீங்கங்கிறதைப் பொறுத்தது என்றாள். இவ்வளவு பெரிய தத்துவத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு சார்ஜர் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

சரி, வீட்டு நிலவரத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு எட்டு இஞ்ச்தான் வேண்டுமாம். சமையலறை அலமாரியில் மாவு டப்பாவுக்கும் டீத்தூள் டப்பாவுக்கும் நடுவில் இருக்கிற இடத்துக்குப் பெரியது நுழையாது, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும், எனக்குச் சமையல் வீடியோ பாக்கத் திரை இவ்வளவு போதும், சினிமாத் தியேட்டரா நடத்தப் போறேன் என்று கேட்டாள். எனக்குப் பதினோரு இஞ்ச்தான் வேண்டும். காரணம் தேவையில்லை. பெரியது பெரியதுதான். நாற்பது வருஷமாகத் தூரத்தில் போகிறவனை நிறுத்திப் படிக்கவைத்தே சாப்பிட்டவன், எட்டு இஞ்சுக்குக் கையெழுத்துப் போட்டால் என் தூரிகைகள் என்னை விட்டு ஓடிவிடும்.

உன் அப்பாவையும் கேட்டேன். வாட்ச் ரிப்பேர்க்காரர் இல்லையா, எதற்கும் நிதானம். பேப்பரை மடித்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். ரெண்டும் வேண்டாம் மச்சான், இந்த வீட்ல யாருக்கு யாரைப் பாக்கணும் என்றார். பேப்பரை விரித்துக்கொண்டார். தலைகீழாக.

பதினாலு மாதம் ஆகிறது. வாட்ச் கடையில் அவர் மேஜைக்குப் பக்கத்தில் உனக்கென்று இன்னொரு மேஜை போட்டு, உன் உயரத்துக்கு விளக்கும் மாட்டி வைத்தார். நீ வெளிநாட்டு வேலைக்குப் போனாய். யார் மேல் தப்பு என்று நான் வாயைத் திறக்கமாட்டேன். எனக்கு உங்கள் வீட்டில் சாப்பாடு நடக்க வேண்டும். ஆனால் ஒன்று: நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போகிறார். உன் அம்மாவின் போன் அவள் உள்ளங்கைக்குள் இருக்கும், திரையில் ஒரு கீறல் வேறு. அவர் திரும்பி வந்தாலும் ஒன்றும் பார்க்க முடியாது. இந்தப் பதினாலு மாதத்தில் மூன்று செடிகள் தண்ணீரில் மூழ்கி உயிரை விட்டன. நாலாவது நீச்சல் பழகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஒரு மாபெரும் ஆராய்ச்சி நடத்துவதென்று முடிவு செய்தேன். பதினோரு இஞ்சுக்கு ஓர் அட்டை, எட்டு இஞ்சுக்கு ஓர் அட்டை, நூல் பிசகாமல் வெட்டினேன். இரண்டிலும் உன் முகத்தை வரைந்தேன். எழுத்தில் நான் ராஜா, முகத்தில் கொஞ்சம் மந்திரி. உன் அம்மா பார்த்துவிட்டு, இது என் பொண்ணா, டிக்கெட் பரிசோதகரா என்று கேட்டாள். கூடப் பிறந்த குற்றத்துக்காக மன்னித்தேன்.

முதல் மூன்று நாள் பெரிய அட்டை. சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் ஜாடியில் சாய்த்து நிற்க வைத்தேன். அங்கிருந்து ஜன்னலோரத்தில் அத்தான் நாற்காலி வரைக்கும் டேப் வைத்து அளந்தேன். சரியாகப் பதினோரு அடி. என்னடா இது கூத்து என்றார். டேப்லெட் வந்தா எங்க நிக்கும்னு பாக்கறேன் அத்தான் என்றேன். அவர் பேப்பருக்குள் போனார். அரைமணி கழித்து அந்தப் பேப்பரின் மேல்விளிம்பில் இரண்டு புருவம் தெரிந்தது. அப்புறம் இரண்டு கண். அட்டையைப் பார்க்கிறார்! உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு விரல்கூட அசையாமல், சௌகரியமாகப் பார்க்கிறார். மூன்று நாளும் அதே. நான் துள்ளிக் குதித்தேன். பதினோரு இஞ்ச் வென்றது, வாங்கிவிடு என்று உனக்கு எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் கடைக்காரப் பெண் சொன்னது மண்டையில் அடித்தது. அவர் பதினோரு அடிக்கு அப்பால் இருந்தே உன்னைப் பார்த்துவிடுவார். ஒரு பக்கமாக ஒதுங்கிய அந்த ஜன்னலோர நாற்காலி கேமராவுக்குள் விழவே விழாது. நீ? நீ ஆயுசு முழுக்கத் தண்ணீர் ஜாடியையும் உன் அம்மாவின் காதையும்தான் பார்ப்பாய்.

நாலாம் நாள் உன் அம்மா, தட்டு வைக்க இடமில்லை, உன் சுவர் விளம்பரத்தை எடு என்று பெரிய அட்டையைத் தூக்கி அலமாரி மேல் போட்டுவிட்டு, சின்னதைச் சாய்த்து வைத்தாள். அன்று மாலை பேப்பருக்கு மேல் புருவம் வந்தது. கண் வந்தது. பிறகு கண் சுருங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி சுருக்கினார். ஒன்றும் சரிப்படவில்லை.

ஐந்தாம் நாள் நாற்காலி ஓரடி தள்ளி இருந்தது. ஜன்னல்ல வெயில் அடிக்குது என்றார். வெளியே மழை. ஆறாம் நாள் இன்னும் ஓரடி. ஃபேன் காற்று இங்கதான் வருது என்றார். கரண்ட் இல்லை. நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். உன் அம்மா துடைத்துக்கொண்டே வந்தாள். எட்டாம் நாள் அந்த நாற்காலி, ஒட்டகம் கூடாரத்துக்குள் நுழைகிற மாதிரி, மூக்கை முதலில் விட்டு, சாப்பாட்டு மேஜைக்கு மூன்றடியில் வந்து நின்றது. இவருக்கு என்ன ஆச்சு, பசிக்குதா என்று அக்கா என் காதைக் கடித்தாள்.

ஒன்பதாம் நாள் கடையிலிருந்து வந்தவர் சட்டைகூட மாற்றவில்லை. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு இருபது வருஷம் வயசாகிவிட்டது. அவர் சின்ன அட்டையைக் கையில் எடுத்தார். பையிலிருந்து, வேலை செய்யும்போது ஒரு கண்ணில் மாட்டிக்கொள்வாரே, அந்தக் குட்டி லென்ஸை எடுத்து மாட்டினார். அட்டையை மூக்குக்கு மூன்று இஞ்சில் கொண்டுபோனார்.

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் தூரத்தில் நிற்கிறவர்களுக்காக எழுதிப் பிழைத்தவன். அவர் எதையும் கிட்டே வைத்துப் பார்த்தே பிழைத்தவர். ஒரு மனுஷனை அடுத்தவன் அளவுகோலால் அளக்கலாமா?

மச்சான், இங்க வா என்று சத்தம். கதவுக்குப் பின்னால் நிற்பது முதலிலேயே தெரியுமாம். போனேன். மச்சம் எங்கடா வச்சிருக்கே என்றார். இடது தாடையில்தான் வைத்திருந்தேன், அங்கேதான் என்று வாதாடினேன். அக்காவையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவளும் யோசித்து யோசித்து இடதுதான் என்றாள். பெற்றவளும் தூக்கி வளர்த்தவனும் ஒரே பக்கம். அவர் எங்கள் இருவரையும், ஓடாத வாட்சைப் பார்ப்பது போலப் பார்த்தார். வலது பக்கம்டா, காதுக்குக் கீழ, ரெண்டு விரல் தள்ளி, கடுகை விடச் சின்னது, கோபம் வந்தா மட்டும் கறுப்பாத் தெரியும் என்றார்.

அப்புறம் என் கறுப்புப் பெயிண்டைக் கேட்டார். வாட்சுக்கு எண்ணெய் விடுகிற ஊசியைப் பையிலிருந்து எடுத்து, பெயிண்டில் தொட்டு, வலது தாடையில் ஒரே ஒரு புள்ளி. இடது பக்கத்தில் நான் வைத்ததை நகத்தால் சுரண்டினார். அட்டையை வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

ஆகவே மருமகளே, நாற்பது வருஷ அனுபவமுள்ள எழுத்துச் சக்கரவர்த்தி தன் தோல்வியை எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறான். எட்டு இஞ்ச் வாங்கு. பெரியதை வாங்கினால் அவர் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார். சின்னது வாங்கினால்தான் எழுந்து வருவார். உன் அம்மாவிடம் மட்டும் அவள் சொன்னதுதான் சரி என்று எழுதிவிடாதே. அலமாரி இடுக்கைப் பற்றி அடுத்த பத்து வருஷத்துக்குப் பேசுவாள்.

ஒரு வேண்டுகோள். முதல் தடவை கூப்பிடும்போது அப்பா எங்கே என்று கேட்காதே. அம்மாவோடு வழக்கம் போலப் பேசு. கொஞ்சம் மெதுவாகப் பேசு, அவர் காது கொஞ்சம் கிட்டே வரட்டும். யாராவது திரையில் பாதி தோளோ ஒரு முழங்கையோ காட்டினால், பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. மீதி தானாக வரும். வராவிட்டால் நாற்காலியோடு நான் தூக்கி வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் கம்பளி போடு. நூறு வருஷம் நன்றாக இரு. அதில் ஒரு பத்துப் பதினைந்து நாளாவது இங்கே வந்து இரு.

என்றும் உன் நலம் நாடும்,
போர்டு மாமா

பி.கு. சத்தியம் பண்ணிவிட்டதால் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பெயிண்ட் டப்பா சும்மா விடாது. செத்தது மூன்று செடி இல்லை, ஒன்று. அதுவும் ஏற்கெனவே சாகக் கிடந்தது. விமானம் தாழப் பறக்கவில்லை, அது காக்கை. நாற்காலி எட்டடி நகரவில்லை. இரண்டரை அடிதான் இருக்கும். அதையும் பெருக்கும்போது அக்கா நகர்த்தியிருக்கலாம். பேப்பர் தலைகீழாக இருந்ததா என்பது கடவுளுக்கே வெளிச்சம். சின்ன அட்டையை உனக்கு அனுப்பலாம் என்று தேடினேன், வீட்டில் இல்லை. இன்று காலை என் வாட்ச் வாரை மாற்றக் கடைக்குப் போனபோது பார்த்தேன். அந்த இரண்டாவது மேஜையில், உன் உயரத்துக்கு மாட்டிய விளக்கில் சாய்ந்து நிற்கிறது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடு. மச்சம் மட்டும் நிஜம். அதை வலது பக்கம் வைத்தது நான் இல்லை. ஆகையால் முதல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, முகத்தின் வலது பக்கத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார்.