டேங்கர் மூடிமேல் நீ உட்கார்ந்த நாள்

பாய்,

இன்று காலை எங்கள் தெருவுக்குக் கழிவுத் தொட்டி சுத்தம் செய்கிற லாரி வந்தது. வீட்டுத் தொட்டி நிரம்பிவிட்டதென்று என் மகன்தான் வரச் சொல்லியிருந்தான். குழாயை உள்ளே விட்டு பம்பை ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்தில், சூடான ஆயிலும் சாக்கடையும் கலந்த அந்த நாற்றம் வாசல் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும், அந்த நாற்றம் வந்தால் உன் ஞாபகமும் பயமும் சேர்ந்தேதான் வருகின்றன.

அறுபதுகளில் நாம் இரண்டு பேரும் அவலூர்பேட்டை ரோட்டுப் பண்ணையில் வேலை செய்தோம். நான் டிராக்டர் ஓட்டினேன். நீ செஞ்சிக் கடைத்தெருவில் உங்கள் அத்தாவின் பட்டறையில் இருந்துகொண்டு, கூப்பிட்டபோது வந்து இயந்திரம் பார்த்துவிட்டுப் போவாய். முதலாளி எங்கிருந்தோ பழைய டேங்கர் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு சக்கரத்தின்மேல் ஒரு இரும்புத் தொட்டி, அதன் முன்னால் ஒரு பம்பு. பம்பு தொட்டியிலுள்ள காற்றை உறிஞ்சும், காற்றுப் போன இடத்துக்குக் குழியிலிருந்து சாணிக்குழம்பு குழாய் வழியே ஏறி வரும். வயலுக்குக் கொண்டுபோய் அடித்தால் எரு. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கு மட்டும் அதைப் பார்த்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

வந்த புதிதிலேயே பம்பிலிருந்து ஆயில் ஒழுக ஆரம்பித்தது. சுற்றுகிற தண்டின் ஓரத்தில்தான் கசிகிறது என்று சொல்லி நீ கசிவை அடைக்கிற பேக்கிங்கை மாற்றினாய். மறுபடி ஒழுகியது. மறுபடி மாற்றினாய். அப்போதும் அடிப்பக்கமெல்லாம் ஆயில். "எங்கியோ தப்பு பண்றேன் மச்சான், எங்கன்னு தெரில" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனாய். பம்பு இறுகிப்போனால் என் வேலைக்கு உலை என்று நான் சரியாகத் தூங்குவதில்லை. வீட்டில் என் மனைவி முழுகாமல் இருந்தாள், முதல் பிள்ளை.

பண்ணை மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. தொட்டியின் உச்சியில் கழுத்து மாதிரி ஒரு பகுதி உண்டு, அதற்குள் ஒரு பந்து. தொட்டி நிரம்பும்போது பந்து மிதந்து மேலேறி பம்புக்குப் போகிற வழியை அடைத்துக்கொள்ளும், குழம்பு பம்புக்குள் போகாது. "அந்தப் பந்துலதான் கோளாறு. உள்ள எறங்கிப் பாத்தா தெரிஞ்சிடும். நீதான் ஒல்லியா கீறே, எறங்கு" என்றார் என்னிடம். முடியாதென்றால் வேலை போய்விடும். சட்டையைக் கழற்றினேன்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. கிணறு வெட்டுகிற குடும்பம். பாழுங்கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். அவர் எத்தனையோ பேரை அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறார். என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். அரிக்கேன் விளக்கை ஏற்றி, அதற்கும் ஒரு கயிறு கட்டி, தொட்டியில் ஆள் இறங்குகிற வாயருகே கொண்டுபோனார்.

அப்போதுதான் நீ வந்தாய். சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே தள்ளிவிட்டு ஓடி வந்து டேங்கர்மேல் ஏறினாய். மேஸ்திரி கையிலிருந்த விளக்கை அப்படியே கண்ணாடியோடு பிடித்துப் பிடுங்கினாய். உள்ளங்கை வெந்தது. ஊதி அணைத்துவிட்டு, மூடியைத் தடாரென்று சாத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாய்.

"இன்னா பாய், பைத்தியமா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"சாணிக்குழிகிட்ட பீடி பத்தவெச்சேன். குமிழி உடைஞ்ச எடத்துல நீலமா குப்புனு எரிஞ்சது. இதுக்குள்ளயும் அதே சாணிதான இருக்குது? ஆயிலு வேற. வெளக்க உட்டா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்?"

"தெரியாது. அதான் பயமா கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அவமானம் பிடுங்கித் தின்றது. ஊர் முன்னால் கோழையென்று பேர் வாங்குவதைவிட உள்ளே இறங்கிவிடுவதே மேல் என்று தோன்றியது, அவ்வளவு மடையனாக இருந்தேன். "எழுந்திரு பாய், நான் எறங்குறேன், எனக்கொன்னும் பயமில்ல" என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"புள்ளத்தாச்சிய வூட்ல வெச்சிகினு பேசறான் பாரு. உனக்கு பயமில்லன்னா போவுது. உனக்கும் சேத்து நான் பயந்துக்கிறேன்."

எழுந்திருக்கவே இல்லை. வெயில் ஏறி இரும்பு தகித்தது. எதிரே ராஜகிரி மலை வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. முதலில் வெளியே பார்ப்போம், அப்புறம் உள்ளே பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே இருந்தபடியே என்னை வேலை வாங்கினாய். பம்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கச் சொன்னாய். எருமுட்டைச் சாம்பலைச் சலித்து அதன்மேல் பூசச் சொன்னாய். டிராக்டர் எஞ்சினை ஓடவிட்டுப் பம்பைச் சுற்றவைத்துக் குனிந்து பார்த்தேன். தண்டின் ஓரத்தில் சாம்பல் உலர்ந்தே இருந்தது. மூட்டுகளிலும் ஈரம் இல்லை. காற்றை வெளியே தள்ளுகிற குழாய்க்குக் கீழேதான் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"இன்னா கலரு?" என்றாய்.

"பால் ஊத்தின காபி மாதிரி. சாணி நாத்தம் அடிக்குது."

உன் முகம் செத்துப்போனது. ஆயில் தானாக ஒழுகவில்லை, குழம்பு பம்புக்குள் ஏறி ஆயிலை வெளியே தள்ளுகிறது. அப்படியென்றால் பந்து அடைக்கவில்லை. மேஸ்திரி சொன்னதுதான் சரி. அவர் சும்மா இருப்பாரா? "நான் அப்பவே சொல்லல? எழுந்திரு பாய், அவன் எறங்கட்டும்" என்றார். என் இடுப்பில் கயிறு இன்னும் கட்டியபடியே இருந்தது. என்னைக் காப்பாற்ற நீ செய்த சோதனையே என்னை உள்ளே அனுப்பப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. அப்போதுதான் பாய், உண்மையான பயம் வந்தது. அவள் முகம் கண்முன் வந்தது.

பயந்தால் நகத்தால் எதையாவது சுரண்டுவது உன் வழக்கம், டீக்கடை பெஞ்சையெல்லாம் சுரண்டி வைத்திருக்கிறாய். அன்றும் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், தொட்டியின் கழுத்தில் அப்பிக் காய்ந்திருந்த சாணியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாய். திடீரென்று விரல் நின்றது. இன்னும் வேகமாகச் சுரண்டினாய்.

"மச்சான், அந்த அருவாள எடு."

சாணி ஓட்டுக்கு அடியில் ஒரு போல்ட் தலை. அதைச் சுற்றிச் செதுக்கச் செதுக்க இன்னும் போல்ட்டுகள். அந்தக் கழுத்தே தனியாகக் கழற்றி எடுக்கிற மாதிரிதான் செய்திருந்தார்கள். பழைய சொந்தக்காரர் ஒருநாளும் கழுவியதில்லை போலிருக்கிறது. யாரும் எதற்குள்ளும் இறங்கவேண்டியதே இல்லை. டிராக்டரை நிறுத்திவிட்டு, துருவேறிய போல்ட்டுகளை நீ மேலிருந்தே கழற்றினாய். ரப்பர் பந்து வெடித்து, உள்ளே தண்ணீர் கோத்துக் கல்லாகக் கனத்தது. அது எங்கே மிதக்கப்போகிறது! மேஸ்திரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து என் இடுப்புக் கயிற்றை அவரே அவிழ்த்தார். முடிச்சை அவிழ்க்க அவருக்கு நெடுநேரம் ஆனது.

அவலூர்பேட்டை சந்தையில் பிள்ளைகள் விளையாடுகிற பந்து ஒன்றை வாங்கிவந்து போட்டாய். ஒழுகல் நின்றது. அன்று விளக்கு உள்ளே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீயும் கடைசிவரை தெரியாது என்றேதான் சொன்னாய். உன் குழியில் நான் ஒரு கைப்பிடி மண் போட்டபோதும் அந்த உள்ளங்கைத் தழும்பைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இன்று லாரியோடு வந்த ஆள், அடியில் மண்டி தங்கிவிட்டது, இறங்கி வாரினால்தான் வரும் என்று சட்டையைக் கழற்றினார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், தொட்டி மூடியைச் சாத்தி அதன்மேலேயே போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நைனா, இன்னா பண்றே? எழுந்திரு" என்றான் மகன். அன்று வயிற்றில் இருந்தவன்தான்.

"எனக்குப் பழக்கம்தான் பெரியவரே, பயமெல்லாம் கெடையாது" என்றார் அந்த ஆள்.

"உனக்கில்லன்னா போவுதுப்பா. உனக்கும் சேத்து நான் பயந்துக்கிறேன்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். லாரி போய்விட்டது. தொட்டி முழுதும் காலியாகவில்லை, மகன் என்னோடு பேசாமல் இருக்கிறான். பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை பாய், இதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.