வைப்பர் மறைக்காத வெளிச்சம்

இன்று ராகலை ஏற்றத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. வைப்பரைப் போட்டேன். பக்கத்தில் இருந்த தம்பி மகள், "பெரியப்பா, அங்க பாருங்க, மலைக்கு மேல பறக்கும் தட்டு!" என்று கத்தினாள். வேனை ஓரங்கட்டினேன். பிள்ளையாருக்கு முன்னால் டேஷ்போர்டில் எரியும் சின்னப் பச்சை பல்பு கண்ணாடியில் பட்டு, வானத்தில் தொங்குவதுபோல் தெரிந்தது. உனக்குத் தெரியாத வெளிச்சமா இது, மச்சான்!

தம்பி கல்யாணத்துக்கு நீதான் வீடியோக்காரன். மணமக்களை ஏற்றி வந்தபோது என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தூறலில் கண்ணாடி வழியே எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளையும் மலையையும் படம் பிடித்தாய். பிறகு எல்லோரும் கூடிப் படம் பார்த்தபோது, எங்கள் கூரைக்கு மேலே பச்சையாக ஒன்று மிதந்தது. பறக்கும் தட்டு என்று லயமே கும்மாளம் போட்டது. அந்தப் பேச்சு கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேவு விமானமாகியிருந்தது. அதற்கு டார்ச் அடித்து வழிகாட்டியவன் என் தம்பியாம்! பாழாய்ப்போன யுத்தக் காலம், தமிழன் கூரைக்கு மேலே எது தெரிந்தாலும் குற்றம்.

கடைத்தெருக்காரர்கள் தடிகளோடு வந்தார்கள். புதுப்பெண் காலில் விழுந்து கதறக் கதற, தம்பியை வாசலில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். வாயில் ரத்தம் கொப்பளிக்க அவனைப் போலீஸில் ஒப்படைத்தார்கள். மறுநாள் விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம் என்றது போலீஸ். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்?

நான் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழிமறித்துப் பிடுங்கினாய்.

"கத்திய வை மச்சான். மொதல்ல படத்த நிறுத்திப் பாப்போம்."

உன்னைத் திட்டாத திட்டில்லை. நீ காதில் வாங்கவே இல்லை. படத்தை ஓட்டினாய், நிறுத்தினாய், மறுபடி ஓட்டினாய்.

"இங்க பாரு. வைப்பர் மலைய மறைக்குது, மரத்த மறைக்குது. இந்த வெளிச்சத்த மட்டும் மறைக்கல. வானத்துல இருந்தா மறைச்சிருக்கணும்ல? இது கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்குடா!"

ஸ்டேஷனுக்கு அந்த வேனையே கொண்டுபோனோம். இன்ஸ்பெக்டரை முன்சீட்டில் ஏற்றி, சிங்களத்தில் பொறுமையாக விளக்கினாய். பல்பை அணைத்தாய், மலைமேல் வெளிச்சம் போனது. போட்டாய், வந்தது. அவரும் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். தம்பியை விட்டுவிட்டார்கள்.

ஆனால் ரோட்டில் நின்ற கூட்டம் இது எதையும் பார்க்கவில்லை. தம்பியைக் கண்டதும் பாய்ந்தார்கள். நீ அவனை வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாய். படத்தைக் காட்டுகிறேன், ஒரு நிமிஷம் பாருங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினாய். பேசிக்கொண்டிருக்கும்போதே இரும்புக்கம்பி உன் மண்டையைப் பிளந்தது. விழுந்த பிறகும் அடித்தார்கள். போலீஸ் வானத்தை நோக்கிச் சுடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் வேன் கண்ணாடியெல்லாம் உன் ரத்தம்.

இன்று தம்பி மகளிடம், "பல்ப அணைச்சுப் பாரு" என்றேன். அணைத்தாள். "அட, நம்ம பல்புதானா!" என்று சிரித்தாள். நீ கதவை மறித்து நிற்காவிட்டால் இவள் பிறந்திருக்கவே மாட்டாள்.

கம்பியால் அடித்தவனைச் சந்தையில் வேனை நிறுத்தும்போது அடிக்கடி பார்க்கிறேன். என் கை சீட்டுக்கு அடியில் கிடக்கும் கத்தியைத் தேடிப் போகும். "கத்திய வை மச்சான்" என்பாய். வைத்துவிடுகிறேன். அவனை மன்னிக்கவும் சொல்லிவிடாதே, அது மட்டும் என்னால் முடியாது.