அப்புத்தளையில் ஒரு கிளாஸ் சர்பத்

பண்டாரவளை
9.3.1979

அன்பு மகன் புவாதுக்கு உம்மாவின் ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், அந்த வெயில் தேசத்தில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஜித்தாவிலிருந்து நீ போட்ட கடிதமும் படமும் கிடைத்தன. படத்தில் மெலிந்து தெரிகிறாய், கமராவின் குற்றம் என்று நீ எழுதுவாய், நான் நம்பமாட்டேன். தங்கச்சி றஷீதாவின் சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் கடிபடாத ஆள் இல்லை. மௌலூதுக்கு நெய்ச்சோறு ஆக்கினோம், இருபது பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன் என்றார் உன் வாப்பா, பார்த்தால் கடைத்தெருவில் பாதி வாசலில் நிற்கிறது. அவருடைய வாய் உனக்குத் தெரியும்தானே. அந்த வாய் செய்த வேலையைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன்.

உன் கம்பனி ஸ்டோரில் தம்பி ஹுமைதுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன், பாஸ்போட்டுக்கு ஆயத்தம் செய்யுங்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் வாப்பாதான் எழுத வேண்டும், அவர் எழுத மாட்டார், ஏன் என்று போகப்போக உனக்கே விளங்கும். உன் கடிதம் வந்த அதே கிழமை ஹுமைதுக்கு விளையாட்டு ஆசிரியர் பயிற்சிக்கும் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. வாப்பா ஒப்புதல் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்கமாட்டேன் என்றார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசில் ஊதுவதற்கா இவ்வளவு படிக்கவைத்தேன் என்று கேட்டார். ஹுமைதும் விடவில்லை, நானும் என் கூட்டாளிகளும் ஹல்துமுல்லையிலிருந்து நம்முடைய கடை வாசல் வரைக்கும் பதின்மூன்று மைலையும் ரெண்டு மணித்தியாலத்தில் ஓடிக் காட்டுறோம், பிறகு சொல்லுங்க இது விளையாட்டா இல்லையா என்று கேட்டுவிட்டான். வாப்பா சிரித்தார். அந்த மேட்டில் கிழங்கு லொறியே மூச்சு வாங்குது, நீங்க எங்க ஓடுறது என்றார். மூன்று பேரும் ஒன்றாக, சொன்ன நேரத்துக்குள் வந்தால் கையெழுத்து, பிந்தினால் பேசாமல் உன்னிடம், அவனுடைய நானாவிடம், ஜித்தாவுக்கு என்று கடையில் சாமான் வாங்க நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யார் வாயை யார் திருப்பி வாங்குவது.

கூட்டாளிகள் என்றால் வேறு யார், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த அதே இரண்டு பேர்தான். தபால் கந்தோரில் இருக்கிற யாழ்ப்பாணத்து சிவராசா ஐயாவின் மகன் தர்மராசா ஒருவன். அப்புத்தளைக்குக் கீழே தோட்டத்து ரெங்கம்மாவின் மகன் மருதமுத்து மற்றவன், இப்போது தேயிலை பெக்டரியில் வேலை. விடிய முன்னம் எழுந்து மூன்று பேரும் ரோட்டில் ஓடுவார்கள். மைலுக்கு ஒன்பது நிமிஷம் என்று தர்மராசா கணக்குப் போட்டு, மைல்கட்டைக்கு மைல்கட்டை கத்திக்கொண்டு வருவான். மகனே, பத்து நிமிஷமாக வைத்து ஆறுதலாக ஓடினால் என்ன என்று நான் கேட்டதற்கு, பத்தெண்டால் ரெண்டு மணித்தியாலம் தாண்டிப்போகும் மாமி என்று சிரித்தான். ஏறுகிற மேட்டில் ஒன்பதுக்கு ஓடவே முடியாது, மேட்டில் இழந்ததை அப்புத்தளைக்குப் பிறகு வருகிற இறக்கத்தில் பிடிக்க வேண்டும் என்றார்கள். நம்முடையவன் வீட்டு முட்டை எல்லாவற்றையும் தின்று தீர்த்தான், றஷீதாவின் பிள்ளைக்கு ஒன்று ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

இதில் உன் வாப்பாவின் கூத்தைக் கேள். பிள்ளை தோற்றுப் போய் ஜித்தாவுக்குப் போகவேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. ஆனால் வெங்காயம் வாங்க வந்தவனிடமும் என் மகன் ஹல்துமுல்லையிலிருந்து ஓடுகிறான் தெரியுமா என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. போகிற வருகிற லொறிக்காரர்களிடம் வழியெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது எனக்கு ஓட்டம் நடந்த அன்றைக்குக் காலையில்தான் தெரியும்.

போன மாதம் கடைசி ஞாயிறு. வாடகைக் கார் ஒன்று பிடித்து முன்னால் வாப்பாவும் மணிக்கூடு பார்க்க சிவராசா ஐயாவும், பின்னால் நானும் றஷீதாவும். ஹல்துமுல்லையில் ஒரே பனி, மூன்று பேரும் புறப்பட்டுப் பத்து எட்டு வைக்கும்போதே முதுகு மறைந்துவிட்டது. நான் யாஸீன் ஓதிக்கொண்டே வந்தேன். ஆனால் ஏறினார்கள் மகனே, அந்த வளைவுகளில் கார் கியர் மாற்றி முனகும்போது இவர்கள் பேசாமல், ஒரே சீராக, மூன்று பேரும் தோளுக்குத் தோள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். வாப்பா கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார், பனி பிடிக்கும் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

பெரகல சந்தியில் வாப்பாவின் தம்பி, உன் இப்றாஹீம் சாச்சா நடு ரோட்டில் நிற்கிறார், கையில் தட்டு, தட்டில் இஞ்சி போட்ட பிளேன்டீ. ஹுமைது கையைக் காட்டி, பிறகு வாறேன் சாச்சா என்றான். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் கடை வாசலத் தாண்டி ஒரு முடறு குடிக்காமப் போனா நான் உங்க வாப்பாட முகத்துல எப்படி முழிக்கிறது மகன் என்கிறார். கையை உதறிவிட்டு ஓடவா நாம் பிள்ளை வளர்த்தோம். நின்று, ஊதி, குடித்து, ஸலாம் சொல்லிவிட்டுப் போனான். அங்கிருந்து கொஞ்சத் தூரம், மருதமுத்துவின் தோட்டத்துச் சனம் ரோட்டோரம். ரெங்கம்மா ஆலத்தித் தட்டோடு நிற்கிறாள். ரெண்டு பேருக்கும் பொட்டு வைத்து, நம்முடைய பிள்ளைக்கு மட்டும் பொட்டு வைக்காமல் தலையில் கைவைத்து, நல்லா ஓடுங்க தம்பி என்றாள். அந்த மரியாதையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், ஆனால் சிவராசா ஐயாவின் மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மிச்சத்தை அப்புத்தளையில் என் கூடப்பிறந்த தம்பி, உன் ஸமீம் மாமா முடித்தார். துணிக்கடை வாசலில் மேசை போட்டு, கசகசா மிதக்கிற சர்பத், மூன்று மாலை, பார்க்க ஒரு கூட்டம். இன்னும் ஒரு கிளாஸ் குடிங்க, இன்னும் ஒரு கிளாஸ் என்று ஊற்றுகிறார். நான் காருக்குள்ளிருந்து, பிள்ளைகளை விடுங்க என்று கத்தினேன். நீங்க சும்மா இருங்க ராத்தா, பிள்ளைகள் தாகத்துல வாறாங்க என்கிறார். வாப்பா சிவராசா ஐயாவின் மணிக்கூட்டை எட்டிப் பார்த்தார். அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் ஓடியதை எப்படி எழுதுவேன். தர்மராசாவின் சப்பாத்து காலைக் கடித்து, கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினான். சர்பத் வயிற்றைப் பிடித்து மருதமுத்து விலாவை அமுக்கிக்கொண்டு ஓடினான். ஹுமைது முன்னால் போயிருக்கலாம், கால் அவனுக்கு இருந்தது. போகவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வேகத்தைக் குறைய விடாமல் இழுத்துக்கொண்டு வந்தான். பண்டாரவளைக்குள் நுழைந்தபோது கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து கைதட்டினார்கள். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடை வாசலில் மூன்று பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். சிவராசா ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். ரெண்டு மணித்தியாலமும் ஆறு நிமிஷமும் என்றார். தன் மகனும் ஓடியிருக்கிறான், ஆனாலும் உள்ளதைச் சொன்னார், நல்ல மனிதர்தான், அந்த நேரம் அந்த மணிக்கூட்டைப் பறித்துச் சாக்கடைக் கானுக்குள் எறிய வேண்டும் போல் இருந்தது எனக்கு. தர்மராசா என்னவோ சொல்ல வாயெடுத்தான், ஹுமைது அவன் கையை அமுக்கினான். சாச்சாவைச் சொல்லவில்லை, மாமாவைச் சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு வர ஏலாமப் போச்சு வாப்பா, நானாவுக்கு எழுதுங்க, நான் போறேன் என்றான். ஓடியதைவிட அந்த ஒரு பேச்சுக்குத்தான் மகனே நான் அவனைப் பெற்றதற்குச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த நாளே பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். காலையில் வாப்பாவுக்கு முன்னால் போய்க் கடைப் பலகையைக் கழற்றினான். வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கொடுத்த வாக்கு கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, என்ன செய்வார். நானும் நாலைந்து நாள் பொறுத்தேன். வியாழக்கிழமை வெலிமடையிலிருந்து கிழங்கு வந்தது. மூட்டையை நிறுத்து, பிறகு வெறும் சாக்கைத் தனியாகத் தராசில் போட்டு அந்த எடையைக் கழித்து எழுதுகிறார், ஒரு மூட்டைக்குக்கூடத் தவறாமல். திரைக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு அடக்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். கிழங்குக்காரனிடம் வாங்கும்போது சாக்கைக் கழிக்க ஒரு நாளும் உங்களுக்கு மறக்காது, பிள்ளையுடைய ஓட்டத்தை மட்டும் ஏன் சாக்கோடு நிறுத்தீர்கள், பெரகலயிலும் தோட்டத்துச் சனத்துக்கு முன்னாலும் அப்புத்தளையிலும் அவன் நின்ற நேரம் ஓட்டமா சாக்கா, அந்தச் சாக்கில் பாதியை வழியில் போட்டுவைத்தது யார் என்று கேட்டேன்.

கையில் இருந்த வெறும் சாக்கை மடித்துக் கீழே வைத்தார். பிறகு கிழங்குக்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நேரே தபால் கந்தோருக்குப் போயிருக்கிறார். வழியில் பிள்ளைகள் நின்ற நேரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டாராம். பத்து நிமிஷத்துக்குக் குறையாது என்றாராம் சிவராசா ஐயா. அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று வாப்பா கேட்க, எப்ப வந்தவை எண்டுதானே என்னட்டக் கேட்டனீங்கள், எவ்வளவு நேரம் ஓடினவை எண்டு ஆரும் கேக்கேல்லையே என்றாராம்.

திரும்பி வந்து ஹுமைதின் முகத்தைப் பார்க்காமல், பாஸ்போட்டுக்கு எடுத்த படத்தக் கொண்டு வா என்றார். கொண்டுவந்தான். பயிற்சிப் படிவத்தில் தன் கையாலே ஒட்டினார், கையெழுத்து வைத்தார். கொழும்புக்குப் போற வழியில சொந்தக்காரர் வீடு ஒண்டுலயும் நிக்காமப் போ என்றார். ஹுமைது அவரைக் கட்டிப்பிடித்து அழுதான், தராசடியில் நின்ற கிழங்குக்காரனும் கண்ணைத் துடைத்தான்.

மகனே, தம்பிக்காக நீ யார் யாரிடமெல்லாம் கேட்டு அந்த இடத்தை வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், கோபிக்காதே. நீ கேட்டு வைத்ததை வேண்டாம் என்று சொல்ல வாப்பாவுக்கு வெட்கம், அதனால்தான் நான் எழுதுகிறேன். நீ போன நாளிலிருந்து நீ சோறு தின்கிற பீங்கானைக் கழுவி அலுமாரியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பீங்கானை வைக்க எனக்கு மனம் வரவில்லை, உண்மை அதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வந்தவுடன் ஐஸ் தண்ணீர் குடிக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத்தைத் தந்து, சுகத்தோடு என் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். யாராவது ஊருக்கு வந்தால் ஓடுகிற சப்பாத்து மூன்று ஜோடி கொடுத்துவிடு, மூன்று பேருடைய கால் அளவையும் கடுதாசியில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். வாப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட மறந்துவிடாதே, ஓட்டம் எப்படி நடந்தது என்று அவரிடமே கேள், அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போதும் பக்கத்தில் வந்து நிற்கிறார். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வந்துட்டான் எண்டு எழுது, சாக்குக் கதைய எழுதாதே என்கிறார். நான் இரண்டையும் எழுதிவிட்டேன்.

துஆவுடன்,
உன் உம்மா
உம்மு குல்தூம்